கரடி நின்ற இடம்

மழைக்காலம் நெருங்கினாலே எல்லாருக்கும் பயம் பிடித்துக்கொள்ளும் ஒரு காட்டில் நடந்த கதை இது, குழந்தைகளே.

அந்தக் காட்டின் நடுவே ஓர் ஆறு ஓடியது. கோடையில் அதை நண்டுகூட நடந்தே கடந்துவிடும். மழை பிடித்துக்கொண்டாலோ அதற்குத் தலைகால் புரியாது. போன மழையில் கரையை மீறி வந்து முயல் வளைகளை மூழ்கடித்தது. கீரிக்குட்டிகள் சிலவற்றை அடித்துக்கொண்டே போய்விட்டது. அந்தத் துக்கம் இன்னும் யாருக்கும் ஆறவில்லை.

அதனால் சிங்கராஜா ஓர் உத்தரவு போட்டது.

"அடுத்த மழைக்குள்ள ஆத்தங்கரையில பெரிய பரண் ஒண்ணு கட்டணும். சின்னஞ்சிறுசுங்க எல்லாம் ஏறி உட்கார இடம் வேணும்."

நரி முந்திக்கொண்டது. "அந்தப் பொறுப்பை எங்கிட்ட விட்டுடுங்க ராஜா!"

அன்று முதல் நரிதான் மேஸ்திரி. நிழலில் உட்கார்ந்த இடத்திலிருந்தே வேலை வாங்கியது. தான் ஒரு குச்சியைக்கூட எடுத்துப் போட்டதில்லை. வாய் மட்டும் ஓயவே இல்லை.

வேலை நடந்த விதத்தைச் சொல்கிறேன், கேளுங்கள். பரணுக்குத் தூண்கள் நட்டாகிவிட்டது. அவற்றின் மேல் பெரிய பெரிய கட்டைகளை ஏற்ற வேண்டும். பக்கத்தில் ஒரு மருதமரம் இருந்தது. மூன்று கொடிகளை முறுக்கிச் செய்த தடித்த வடம் ஒன்றை அதன் கிளை மேல் போட்டிருந்தார்கள். வடத்தின் ஒரு முனை கட்டையில் கட்டியிருக்கும். மறுமுனை யானையின் தும்பிக்கையில் இருக்கும். யானை பின்னால் நடக்க நடக்கக் கட்டை மேலே ஏறும். கிளையில் உட்கார்ந்து, வடம் நழுவாமல் பார்த்துக்கொள்வது குரங்கின் வேலை.

கட்டை மேலே போகும்போது சுழலும் அல்லவா? அதனால் கட்டையில் ஒரு சிறு கொடியையும் கட்டியிருந்தார்கள். அதைப் பிடித்து, கட்டையை நேராக்கி விடுவது கரடியின் வேலை. அந்தக் கொடி ரொம்பக் குட்டை. ஆகவே கரடி கட்டைக்கு நேர் கீழேதான் நின்றாக வேண்டும்.

"கொஞ்சம் நீளமான கொடியா இருந்தா தள்ளி நின்னே பிடிப்பேனே, மேஸ்திரி" என்று கரடி முதல் நாளே கேட்டது.

"நீளக் கொடி வெட்டிக்கிட்டிருந்தா மழை காத்துக்கிட்டு நிக்குமா? ஏன், உனக்குப் பயமா?" என்றது நரி.

அவ்வளவுதான். கரடிக்கு ரோஷம் அதிகம். பயம் என்ற சொல்லைக் கேட்டாலே அதற்குக் காது சிவந்துவிடும். அதற்குப் பிறகு அது நீளக் கொடி கேட்கவே இல்லை.

நரி இன்னொரு சட்டமும் வைத்திருந்தது. "குறையை யார் பாத்தாலும், பாத்தவங்களேதான் சரி பண்ணணும். அதுவும் எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு."

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, இல்லையா? ஆனால் நடந்ததைப் பாருங்கள். ஏணிக்காகக் காட்டுப்பன்றி தோண்டிய குழி திறந்தே கிடந்தது. "யாராவது விழுந்துடப் போறாங்க" என்று முள்ளம்பன்றி சொன்னது. சொன்ன பாவத்துக்கு, அன்று சாயங்காலம் தன்னந்தனியாக முள்வெட்டி, குழியைச் சுற்றி வேலி போட்டது. வீட்டுக்குப் போகும்போது அதற்கு நடக்கக்கூட முடியவில்லை. மறுநாள் அந்த வேலி பாதையை அடைக்கிறது என்று நரியே பிடுங்கி எறிந்துவிட்டது.

அதற்குப் பிறகு அங்கே யார் கண்ணுக்கும் எதுவும் தெரிவதில்லை. குழி தெரிந்தால் சுற்றிக்கொண்டு போனார்கள். கல் ஆடினால் வேறு பக்கம் பார்த்தார்கள்.

ஒரே ஒரு ஜீவனால் மட்டும் அப்படி இருக்க முடியவில்லை. அதுதான் ஆள்காட்டிக் குருவி. தரையில் குடுகுடுவென்று ஓடித் திரியும் சிறு பறவை. யார் வந்தாலும் கத்திக் காட்டிக் கொடுத்துவிடும். பிறவியிலேயே அதற்குக் கவலை ஜாஸ்தி. ஒரு சருகு புரண்டால்கூட அதன் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும்.

நரி அதற்கும் ஒரு வேலை கொடுத்திருந்தது. என்ன வேலை தெரியுமா? ஆபத்து வந்தால் கத்துவது அல்ல. சிங்கராஜா வந்தால் கத்துவது!

குருவி "டிட்டீ! டிட்டீ!" என்று கத்தியதும் ஒரே பரபரப்பாகிவிடும். காட்டுப்பன்றி குழியின் மேல் குச்சியும் இலையும் பரப்பித் தரையோடு தரையாக்கும். குரங்கு, வடம் பழசாகத் தெரிகிற இடத்திலெல்லாம் பச்சைக்கொடியைச் சுற்றும். சிங்கராஜா வந்து பார்த்துவிட்டு, "பச்சைப்பசேல்னு, சுத்தபத்தமா இருக்கே!" என்று சந்தோஷமாகத் திரும்பிப் போகும்.

இப்படி இருக்கையில் ஒருநாள் ஆள்காட்டி, கரடியின் முதுகில் எதையோ பார்த்தது. கரடியின் கறுப்பு ரோமத்தில் வெளுத்த தூள் ஒட்டியிருந்தது.

"கரடியண்ணே, முதுகுல என்ன அது?"

"மரத்துலேருந்து ஏதாவது உதிர்ந்திருக்கும்" என்று கரடி உடம்பை உதறிக்கொண்டது.

மறுநாளும் தூள் இருந்தது. அதற்கு மறுநாள் இன்னும் கூடுதலாக இருந்தது. குருவி தரையில் ஓடிப்போய் ஒரு துளியை அலகால் கொத்திப் பார்த்தது. அது மரத்தூள் இல்லை. நார்!

குருவி சட்டென்று பறந்து மருதமரக் கிளையைச் சுற்றி வந்தது. கிளையோடு உராய்ந்து உராய்ந்து வடம் நைந்திருந்தது. மூன்று கொடியில் ஒன்று அறுந்தே போயிருந்தது. இரண்டாவது பிசிறு பிசிறாகத் தொங்கியது. அதற்கு நேர் கீழே கரடி அண்ணாந்து பார்த்தபடி நின்றுகொண்டிருந்தது.

"குரங்கண்ணே! வடம் நைஞ்சு போச்சு. நீங்க பக்கத்துலயே உட்கார்ந்திருக்கீங்களே, பாக்கலையா?"

குரங்கு தலையைச் சொறிந்தது. "நான் ஒண்ணும் பாக்கலைம்மா. நீயும் பாக்கலை. பேசாம இரு. பாத்தேன்னு சொன்னா யாரு புது வடம் முறுக்குறது?"

குருவி யானையிடம் ஓடியது. "யானையண்ணே, நீங்களாவது இழுக்கமாட்டேன்னு சொல்லுங்களேன்."

"இழுன்னா இழுப்பேன். நிறுத்துன்னா நிறுத்துவேன். மத்ததெல்லாம் மேஸ்திரியைக் கேளு" என்றது யானை.

வேறு வழியில்லாமல் குருவி நரியிடம் போய் நின்றது. பார்த்ததைச் சொல்லிவிட்டது.

நரி மெதுவாக ஒரு கொட்டாவி விட்டது. மேலே மட்டும் பார்க்கவில்லை. பார்த்துவிட்டால் பார்த்தவர் ஆகிவிடுவோமே!

"நைஞ்சு போச்சா? நீதானே பாத்தே? அப்ப நீதான் சரி பண்ணணும். மலையடிவாரத்துல வடம் முறுக்க நல்ல மாணைக்கொடி கிடக்கு. போய் இழுத்துட்டு வா" என்றது.

பாவம், அந்தக் குருவி நிஜமாகவே போனது. மலையடிவாரத்தில் ஒரு கொடியின் நுனியை அலகால் கவ்வி இழுத்தது. கொடி அசையக்கூட இல்லை. மறுபடியும் இழுத்தது. அலகு வலித்ததுதான் மிச்சம். அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டு, வெறும் அலகோடு திரும்பி வந்தது.

கடைசியாகக் கரடியிடமே போனது.

"அண்ணே, உங்க காலைத் தொட்டுக் கேக்கறேன். அந்த இடத்துல நிக்காதீங்க. வடம் அறுந்துடும்."

கரடி மேலே பார்த்தது. வடம் பச்சைக்கொடி சுற்றி அழகாகத்தான் தெரிந்தது. ஆனாலும் அது ஓர் அடி பின்னால் எடுத்து வைத்தது. அதற்குள் நரி நிழலிலிருந்தே, "என்ன, கரடிக்கு இன்னைக்குக் கால் கூசுதா?" என்று கேட்டது.

"யாருக்குக் கூசுது? போம்மா அந்தப் பக்கம்!" என்று கரடி குருவியை விரட்டிவிட்டது.

அன்றிலிருந்து குருவிக்கு இரை இறங்கவில்லை. ஒவ்வொரு கட்டை ஏறும்போதும் கண்ணை இறுக மூடிக்கொள்ளும். கட்டை பத்திரமாகப் பரணில் உட்கார்ந்த சத்தம் கேட்ட பிறகுதான் மூச்சு விடும். ஒரு கட்டை தப்பியது. அடுத்ததும் தப்பியது. தப்பத் தப்ப மற்றவர்களுக்குத் தைரியம் கூடியது. குருவிக்குப் பயம்தான் கூடியது.

மேற்கே வானம் கறுத்தது. தவளைகள் கத்தத் தொடங்கின. இன்னும் ஒரே ஒரு கட்டைதான் பாக்கி. இருப்பதிலேயே பெரிய கட்டை அது.

அப்போது பார்த்துச் சிங்கராஜா தூரத்தில் வருவது குருவிக்குத் தெரிந்தது. வழக்கம்போல் "டிட்டீ! டிட்டீ!" என்று கத்தியது. காட்டுப்பன்றி குழி மேல் இலை பரப்பியது. குரங்கு வடத்தின் மேல் இன்னும் கொஞ்சம் பச்சையைச் சுற்றியது. எந்த இடம் நைந்தது என்று இப்போது குரங்குக்கே தெரியாது.

"ராஜா வர்றாரு, நிறுத்தாதே, இழு!" என்று நரி அதட்டியது. யானை பின்னால் நடந்தது. கட்டை மேலே ஏறியது. கரடி கீழே நின்று கொடியைப் பிடித்தது.

சிங்கராஜா வந்து நின்றதும் தூறல் விழத் தொடங்கியது. சிங்கத்துக்குப் பிடரி நனைந்தால் ஆகாது.

"எல்லாம் பத்திரமா நடக்குதா, மேஸ்திரி?"

"பத்திரமாவா? இந்தக் காட்டுலயே இதைவிடப் பத்திரமான இடம் கிடையாது ராஜா!" என்று நரி வாலைக் குழைத்தது.

குருவி அதைக் கேட்டது. வடம் நைந்திருக்கிறது என்று கத்தினால் ராஜா மேலே பார்க்கும். மேலே பச்சைதான் தெரியும். பார்த்தவரே சரி செய்யட்டும் என்று நரி சொல்லும். அதற்குள் எல்லாம் முடிந்துவிடும். சட்டென்று குருவிக்கு ஒரு யோசனை வந்தது. குடுகுடுவென்று முன்னால் வந்தது.

"ராஜா, ஏன் நனையறீங்க? அதோ, கரடியண்ணன் நிக்கிற இடத்துல மழையே விழலை. இதைவிடப் பத்திரமான இடம் கிடையாதுன்னு மேஸ்திரியே சொல்லிட்டாரே. அங்கே போய் உட்காருங்க!"

"நல்ல யோசனை" என்று சிங்கம் ஓர் அடி எடுத்து வைத்தது.

"ஐயையோ ராஜா! அங்க வேணாம்!" நரி குறுக்கே பாய்ந்தது.

"ஏன்?"

"அது... அங்க... எறும்பு. கட்டெறும்பு."

"கரடியைக் கடிக்காத எறும்பு என்னைக் கடிக்குமா?"

"சேறு வேற, ராஜா. பாதம் அழுக்காயிடும்."

சிங்கம் நரியை உற்றுப் பார்த்தது. "எனக்குத்தான் அழுக்காகும். உன் பாதம் எப்பவும் அழுக்குதானே. நீ போய் அங்க நில்லு பாக்கலாம்."

நரியின் கால் நகரவில்லை. அதன் வால் இரண்டு காலுக்கும் நடுவில் போய்விட்டது. முதல் தடவையாக அது மேலே பார்த்தது. எல்லாரும் அதன் கூடவே மேலே பார்த்தார்கள். மேலேயிருந்து ஒரு நார் மெதுவாக மிதந்து வந்து சிங்கத்தின் மூக்கில் ஒட்டியது.

"கரடி! வெளிய வா!" என்று சிங்கம் கர்ஜித்தது.

கரடி அசையவில்லை. கொடியை விட்டால் கட்டை சுழன்று தூணில் மோதும். பாதி வேலையில் ஓடினால் கோழை என்று சிரிப்பார்கள். மேலே "படக்" என்று ஒரு சத்தம். இரண்டாவது கொடியும் அறுந்தது.

"என்னால தாங்க முடியலை! தும்பிக்கை வழுக்குது!" என்று யானை அலறியது.

இனி ஒருகணமும் இல்லை. ஆள்காட்டி பறந்து போய்க் கரடியின் முகத்தில் மோதியது. "டிட்டீ! டிட்டீ!" என்று கத்திக்கொண்டே நெற்றியில் கொத்தியது, மூக்கில் கொத்தியது, கண்ணை நோக்கிப் பாய்ந்தது. கரடிக்கு ரோஷமாவது ஒன்றாவது! இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு தடதடவென்று பின்னால் ஓடியது.

மேலே வடம் அறுந்தது.

தரை அதிர்ந்தது. மரத்திலிருந்த பறவைகளெல்லாம் ஒரே நேரத்தில் எழுந்து பறந்தன. புழுதி அடங்கிய பிறகு பார்த்தார்கள். கரடியின் காலடித் தடம் இருந்த இடத்தில் கட்டை பாதிக்குமேல் மண்ணில் புதைந்து கிடந்தது.

கரடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டது.

"எனக்குப் பயமா இருக்கு. முதல் நாள்லேருந்தே பயமாத்தான் இருந்துச்சு" என்று அது எல்லார் முன்னாலும் அழுதது.

ஒருவரும் சிரிக்கவில்லை.

"எனக்கும்தான் அண்ணே" என்று குருவி அதன் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டது.

இந்த நேரத்தில் நரி மெல்ல நழுவப் பார்த்தது. நாலு எட்டு வைத்திருக்கும். தரை என்று நினைத்துக் காலை வைத்தது காட்டுப்பன்றி இலை பரப்பிய குழியில்! தலைகுப்புற உள்ளே போனது.

"யாரு இங்க இலை போட்டது?" என்று சிங்கம் கேட்டது.

"நான்தான் ராஜா. நீங்க வர்றீங்கன்னு போட்டேன்" என்றது காட்டுப்பன்றி.

"வடத்துல பச்சை சுத்தினது?"

"நான்தான் ராஜா. அதுவும் நீங்க வர்றீங்கன்னுதான்" என்றது குரங்கு.

சிங்கம் தலையைக் குனிந்துகொண்டது. "அப்ப தப்பு என் மேலயும் இருக்கு. பச்சையா இருந்தா போதும்னு பாத்துட்டுப் போனவன் நான்தானே" என்றது.

பிறகு நரியைக் குழியிலிருந்து தூக்கச் சொன்னது. நரி ஒரு காலை நொண்டிக்கொண்டே வந்து நின்றது.

"இனிமே குறையைப் பாத்தவங்க சொன்னா போதும். சொன்ன உடனே வேலையை நிறுத்தணும். எல்லாரும் சேர்ந்து சரி பண்ணின பிறகுதான் அடுத்த கட்டை. தொங்கற கட்டைக்கு அடியில ஒரு ஈகூட நிக்கக் கூடாது" என்றது சிங்கம். "அப்புறம் மேஸ்திரி, கட்டையோட கொடியைப் பிடிக்கிற வேலை இனிமே உன்னோடது."

அன்றே எல்லாரும் மலையடிவாரத்துக்கு ஓடினார்கள். யானை கொடியை இழுத்தது. குரங்கு முறுக்கியது. முள்ளம்பன்றி குழிக்கு மறுபடியும் வேலி போட்டது, இந்தத் தடவை கூடவே காட்டுப்பன்றியும் நின்றது. தூறல் வலுத்து மழையானது. ஆற்றின் இரைச்சல் மாறிக்கொண்டே வந்தது. கரையில் முயல்கள் குட்டிகளோடு நடுங்கிக்கொண்டு காத்திருந்தன. எல்லார் கண்ணும் அந்தக் கடைசிக் கட்டை மேலேயே இருந்தது.

கட்டை ஏறும் நேரம் வந்தது. கொடியைப் பிடிக்க வேண்டிய நரியைக் காணோம்.

தேடிப் பார்த்தால் அது புதருக்குள் கொடி வெட்டிக்கொண்டிருந்தது! ஒரு கொடி வெட்டி, அது குட்டை என்று எறிந்துவிட்டு, அதைவிட நீளமாக இன்னொன்று வெட்டியது. காட்டிலேயே நீளமான கொடியைக் கட்டையில் கட்டி, அதன் கடைசி நுனியைப் பிடித்துக்கொண்டு வெகுதூரம் தள்ளிப் போய் நின்றது.

"மழை காத்துக்கிட்டு நிக்குமா, மேஸ்திரி?" என்றது கரடி.

"நிக்கட்டும், நிக்கட்டும்" என்றது நரி. "ஏம்மா ஆள்காட்டி, வடத்தை நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன் மேஸ்திரி. புது வடம். நைவே இல்லை."

நரி அண்ணாந்து பார்த்தது.

"இன்னொரு தடவை பாத்துட்டு வந்துடேன், தாயே."

நீதி: ஆபத்தைக் கண்டால் மூடி மறைக்காமல் உடனே சொல், நீ நிற்கப் பயப்படும் இடத்தில் இன்னொருவரை நிறுத்தாதே.